முதியோருக்கான நியூமோகாக்கல் தடுப்பூசி: வரலாறும் கம்பம் பள்ளத்தாக்கும்

முன்னுரை

தேனி மாவட்டத்தின் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கைக்குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டு வரும்போது, தாயுடன் பாட்டியும் வருவது வழக்கம். 2021 ஜூலை முதல் தமிழ்நாட்டில் குழந்தைகளுக்கு நியூமோகாக்கல் தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. 6-ஆவது வாரம், 14-ஆவது வாரம், 9-ஆவது மாதம் என மூன்று தவணைகள். குழந்தையை மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கும் அதே கிருமியால் ஆபத்து உண்டு. ஆனால் இலவசத் திட்டத்தில் அவருக்கு இடமில்லை. வேண்டுமென்றால் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் இந்தத் தடுப்பூசியின் தொடக்ககாலச் சோதனைகள் பெரியவர்களிடம்தான் நடந்தன.

சுரங்கத்தில் தொடங்கிய முயற்சி

நியூமோகாக்கஸ் என்பது மூக்கிலும் தொண்டையிலும் தங்கி, சமயம் பார்த்து நுரையீரலையும் இரத்தத்தையும் மூளை உறையையும் தாக்கும் பாக்டீரியா. 1881-இல் பிரான்சில் லூயி பாஸ்டரும் அமெரிக்காவில் ஜார்ஜ் ஸ்டெர்ன்பர்க்கும் இதனைத் தனித்தனியே விவரித்தனர்.

தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் வெப்பப் பகுதிகளிலிருந்து கொண்டுவரப்பட்ட தொழிலாளர்கள் நிமோனியாவால் ஏராளமாக இறந்தனர். 1911-இல் ஆம்ரோத் ரைட் அங்கே தடுப்பூசியைச் சோதித்தார். தெளிவான பலன் கிடைக்கவில்லை. இக்கிருமியில் பல வகைகள் உண்டு, ஒரு வகைக்கான பாதுகாப்பு மற்றொன்றுக்கு உதவாது என்பது பின்னர் ஸ்பென்சர் லிஸ்டர் போன்றோரின் ஆய்வால் புலப்பட்டது. இன்று நூறுக்கும் மேற்பட்ட வகைகள் அறியப்பட்டுள்ளன.

கிருமியைச் சுற்றியுள்ள சர்க்கரைப் பொருளாலான உறையே வகைக்கு வகை வேறுபடுகிறது. அந்த உறைப்பொருளைப் பிரித்தெடுத்துச் செய்த ஊசி, நியூயார்க்கில் முதியோரிடம் ஆறு ஆண்டுகள் ஆராயப்பட்டது. நிமோனியா குறைந்தது என்ற முடிவை பால் காஃப்மன் 1947-இல் வெளியிட்டார்.

பென்சிலினும் மறதியும்

அதே காலத்தில் பென்சிலின் வந்தது. வந்த நோயை மருந்தால் தீர்க்கலாம் என்ற நம்பிக்கையில் தடுப்பூசியை வாங்குவாரில்லை, விற்பனையே நின்றது. 1964-இல் ராபர்ட் ஆஸ்ட்ரியனும் ஜெரோம் கோல்டும் ஓர் உண்மையைச் சுட்டினர். கிருமி இரத்தத்தில் கலந்த நோயாளிகளில், முதல் சில நாட்களிலேயே நேரும் இறப்புகளைப் பென்சிலினால் தடுக்க முடியவில்லை. வயதானவர்களும் நாட்பட்ட நோயுள்ளவர்களுமே அதிகம் இறந்தனர். ஆஸ்ட்ரியனின் விடாமுயற்சியால் 1977-இல் 14 வகைகளுக்கான ஊசியும், 1983-இல் 23 வகைகளுக்கான ஊசியும் அமெரிக்காவில் வந்தன.

முதிய உடலும் நோயெதிர்ப்பும்

சர்க்கரை உறையை மட்டும் கொண்ட ஊசி, எதிர்ப்பொருளை உண்டாக்கும் பி செல்களை நேரடியாகத் தூண்டுகிறது. டி செல்களின் துணை கிடைக்காததால் நிலையான நினைவாற்றல் உருவாவதில்லை. முதியோரிடம் எதிர்ப்பொருளின் அளவு ஓரளவு உயர்ந்தாலும், கிருமியைக் கொல்ல உதவும் அதன் திறன் இளையோரிடம் இருப்பதைவிடக் குறையக்கூடும். ஆண்டுகள் செல்லச் செல்லப் பாதுகாப்பும் தேய்கிறது.

இதற்குத் தீர்வாக வந்தது இணைப்புத் தடுப்பூசி. சர்க்கரை உறையை ஒரு புரதத்துடன் இணைத்தால் டி செல்களும் பங்கேற்கும், நினைவாற்றல் உருவாகும். 2000-இல் 7 வகைகளுக்கான இவ்வூசி குழந்தைகளுக்கு வந்தபோது, அமெரிக்காவில் ஊசி போடாத முதியோரிடமும் அவ்வகைகளால் வரும் நோய் குறைந்தது. குழந்தையின் மூக்கிலிருந்து தாத்தா பாட்டிக்குக் கிருமி செல்லும் வழி அடைபட்டதே காரணம்.

முதியோருக்கு நேரடியாகப் பயன் உண்டா என்பதை நெதர்லாந்தில் 65 வயதுக்கு மேற்பட்ட 84,496 பேரிடம் நடந்த ஆய்வு காட்டியது. 2015-இல் வெளியான அதன் முடிவுப்படி, 13 வகைகளுக்கான ஊசி அவ்வகைகளால் வரும் நிமோனியாவைச் சுமார் 46 விழுக்காடும், இரத்தம் போன்ற இடங்களுக்குப் பரவும் கடும் நோயை 75 விழுக்காடும் குறைத்தது. வேறு கிருமிகளாலும் நிமோனியா வருவதால், மொத்த நிமோனியாவில் குறிப்பிடத்தக்க குறைவு இல்லை.

பாதுகாப்பு

அந்த ஆய்வில் கடுமையான பாதிப்புகளும் இறப்புகளும் ஊசி போட்டவர்களிடமும் போலி ஊசி போட்டவர்களிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் இருந்தன. கைவலி, வீக்கம், சிவப்பு, அசதி, இலேசான காய்ச்சல் ஆகியவை பொதுவான விளைவுகள். ஓரிரு நாட்களில் தணியும். கடும் ஒவ்வாமை மிக அரிது. இதில் உயிருள்ள கிருமி இல்லாததால், ஊசியால் நிமோனியா வந்துவிடும் என்ற அச்சம் தேவையற்றது. முன்பு போட்டபோது கடும் ஒவ்வாமை கண்டவர்கள் மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

இந்தியாவும் தேனியும்

1990-களில் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி உள்ளிட்ட இந்திய மருத்துவமனைகள் இணைந்து, நோயாளிகளிடம் காணப்படும் நியூமோகாக்கஸ் வகைகளைப் பதிவு செய்தன. 2017-இல் இந்திய அரசு குழந்தைகளுக்கான திட்டத்தைச் சில மாநிலங்களில் தொடங்கியது. முதலில் குழந்தைகள், அதன்பின் உள்ளூர் நோய்ச்சுமையைக் கணக்கிட்டு முதியோர் என்பதே 2021-இல் உலக சுகாதார நிறுவனம் கூறிய வழி.

அந்தக் கணக்கு கம்பம் பள்ளத்தாக்கில் அவசியமானது. போடிமெட்டு, கம்பம்மெட்டு வழியாக மலையேறி ஏலத்தோட்டங்களில் உழைத்து முதுமையடைந்தவர்கள் இங்கே பலர். விறகடுப்புப் புகை, பீடி, சர்க்கரை நோய் ஆகிய மூன்றும் நிமோனியாவின் ஆபத்தைக் கூட்டுபவை. க.விலக்கில் 2004 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டு செல்கிறது.

முடிவுரை

பென்சிலின் இருக்கிறதே என்று ஒருமுறை தடுப்பூசியைக் கைவிட்டதன் விலையை முதியோரே கொடுத்தனர். இன்று பேரனுக்குப் போடும் ஊசி பாட்டியையும் ஓரளவு காக்கலாம். ஆனால் அது அவருக்கான ஊசிக்கு ஈடாகாது. வீடு தேடி மாத்திரை செல்லும் பாதை ஏற்கெனவே இருக்கிறது. முதியோருக்கான தடுப்பூசியும் அப்பாதையில் செல்லும் நாள் வர வேண்டும்.