மனச்சோர்வு ஈமானின் பலவீனமா?

“ஐவேளை தொழுதால் இதெல்லாம் வராது” என்று நம் வீடுகளில் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். மகனைப் பிரிந்த கவலையில் யஃகூப் நபி (அலை) அவர்களின் கண்களே வெளுத்துப்போயின. அவர்களுக்கு ஈமான் குறைவா?

கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, காரணம் தெரிந்த கவலையையும் காரணமின்றி வரும் சோர்வையும் அன்றே பிரித்து எழுதினார். பின்னதற்கு உடல் மருத்துவமும் தேவை என்றார்.

இரண்டு வாரங்களுக்கு மேல் மனம் சோர்ந்து, தூக்கமும் பசியும் கெட்டால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். லேசான நிலைக்குப் பெரும்பாலும் கவுன்சிலிங் போதும். கடுமையானால் மாத்திரையும் வேண்டும். அது பலன் தர சில வாரங்களாகும். குணம் தெரிந்ததும் நீங்களாக நிறுத்தாதீர்கள். நோன்புக் காலத்தில் மாத்திரை நேரத்தை மருத்துவரிடம் கேட்டு மாற்றுங்கள்.

சாவைப் பற்றிப் பேசுபவரைத் தனியே விடாதீர்கள்; அரசின் இலவச உதவி எண் 14416. துஆவும் செய்வோம், மருந்தும் கொடுப்போம்.