மறுபிறவிக் கோட்பாடும் தீண்டாமைக் குற்றமும்

“போன பிறவியில் செய்த பாவம்” என்ற சொல்லை நாம் அன்றாடம் கேட்கிறோம். நோய்க்கும் வறுமைக்கும் கூறப்படும் இவ்விளக்கம் சாதிக்கும் கூறப்படுகிறது. அப்போது அது ஒடுக்கப்பட்டவரைப் பாவியாகவும் ஒடுக்குபவரைப் புண்ணியவானாகவும் ஆக்கிவிடுகிறது. இக்கோட்பாடு எவ்வாறு உருவானது, சாதியோடு எப்படிப் பிணைந்தது, சட்டம் அதற்கு எங்கே எல்லை வகுக்கிறது என்பவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கோட்பாட்டின் தோற்றம்

ஆன்மா அழியாதது, அது உடல் விட்டு உடல் எடுக்கிறது, எடுக்கும் உடலை முன்வினை தீர்மானிக்கிறது. இச்சுழற்சி சம்சாரம், அதிலிருந்து விடுபடுதல் மோட்சம். ரிக் வேதத்தின் பழைய பாடல்களில் இக்கருத்து தெளிவாக இல்லை. இறந்தோர் யமன் ஆளும் முன்னோர் உலகை அடைவதாகவே அவை பேசுகின்றன. உபநிடதங்களில்தான் வினையும் பிறவியும் இணைகின்றன. பௌத்தமும் சமணமும் மறுபிறப்பை ஏற்றன. எனினும் பௌத்தம் நிலையான ஆன்மாவை மறுத்தது. உலகாயதர் மறுபிறப்பை முற்றிலும் நிராகரித்தனர்.

சாதியோடு பிணைப்பு

சாந்தோக்கிய உபநிடதம் (5.10.7) நன்னடத்தை உடையோர் பிராமண, சத்திரிய, வைசியப் பிறப்பை அடைவர் என்கிறது, தீநடத்தை உடையோருக்கு நாய், பன்றி, சண்டாளர் ஆகிய பிறப்புகளை விதிக்கிறது. மனிதரில் ஒரு பிரிவினர் விலங்குகளின் வரிசையில் வைக்கப்பட்டதை இங்கே காண்கிறோம்.

மனுஸ்மிருதி இதை விரிவாக்குகிறது. பிராமணனைக் கொன்றவன் அடையும் பிறவிகளில் ஒன்றாகச் சண்டாளப் பிறப்பை அதன் 12ஆம் அத்தியாயம் குறிப்பிடுகிறது. மேல் வருணத்தாருக்குப் பணிந்து நடக்கும் சூத்திரன் அடுத்து உயர்பிறப்பு எய்துவான் என்கிறது 9ஆம் அத்தியாயம். இரண்டையும் சேர்த்துப் படித்தால் ஏற்பாடு விளங்கும்: இன்றைய இழிவுக்கு நேற்றைய பாவம் காரணம், நாளைய உயர்வுக்கு இன்றைய அடிமைத்தனம் விலை.

தமிழிலும் இதன் தடம் உண்டு. பல்லக்கு சுமப்பவனையும் அதில் அமர்ந்து செல்பவனையும் குறிக்கும் திருக்குறளுக்கு (37) உரை எழுதிய பரிமேலழகர், அவர்களது நிலையையே அறத்தின் பயனுக்குக் கண்கூடான சான்றாகக் கொண்டார். இவ்வுரையை ஏற்காத பிற்கால உரைகளும் உள்ளன.

ஒடுக்கப்பட்டோர் இதை நம்பி அடங்கிக் கிடந்தனர் என்பதும் முழு உண்மையன்று. வடஇந்திய கிராமம் ஒன்றின் துப்புரவுச் சாதியினரை ஆராய்ந்து பாலின் கோலெண்டா 1964இல் வெளியிட்ட கட்டுரை, தம் சாதி நிலைக்கு முன்வினையே காரணம் என்ற விளக்கத்தை அம்மக்கள் ஏற்கவில்லை எனக் காட்டியது.

நீதியின் அளவுகோலில்

குற்றச்சாட்டு இன்னதென்று தெரிவித்தல், எதிர்வாதத்துக்கு வாய்ப்பளித்தல், மெய்ப்பித்த பிறகே தண்டித்தல் ஆகியவை இயற்கை நீதியின் அடிப்படைகள். முன்வினைத் தண்டனையில் இவற்றுள் ஒன்றும் இல்லை. செய்ததாகக் கூறப்படும் குற்றம் செய்தவருக்கே நினைவில்லை, சாட்சியில்லை, மேல்முறையீடும் இல்லை. தண்டனையோ பிறக்கும்போதே தொடங்கிவிடுகிறது. அதைப் பிறர் முன்நின்று நிறைவேற்றுகின்றனர்.

அண்ணல் அம்பேத்கர் தம் மறைவுக்குப் பின் 1957இல் வெளியான ‘புத்தரும் அவர் தம்மமும்’ நூலில் இதன் அரசியலை வெளிக்கொணர்ந்தார். ஏழைகளின் நிலைக்கு முற்பிறவியைக் காரணமாக்குவது, அரசும் சமூகமும் தம் பொறுப்பிலிருந்து தப்பிக்கவே உதவும் என்பது அவர் வாதம். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் அவர் அளித்த 22 உறுதிமொழிகளுள் ஒன்று, தாம் புதுப்பிறவி எடுத்திருப்பதாக அறிவிக்கிறது. இறப்புக்குப் பின் வருவதாகச் சொல்லப்பட்ட பிறவியை அவர் இவ்வாழ்விலேயே, தன் முடிவால் எடுப்பதாக மாற்றினார்.

சட்டத்தின் எல்லை

மறுபிறவியை நம்புவது குற்றமன்று. அரசமைப்பின் 25ஆம் உறுப்பு மனச்சான்றுச் சுதந்திரத்தை அளிக்கிறது. ஆனால் அச்சுதந்திரம் பிற அடிப்படை உரிமைகளுக்கு உட்பட்டது. 17ஆம் உறுப்பு தீண்டாமையை ஒழித்துள்ளது.

குடிமை உரிமைகள் பாதுகாப்புச் சட்டம், 1955இன் பிரிவு 7(1)(இ), பேச்சாலோ எழுத்தாலோ தீண்டாமையைத் தூண்டுவதைக் குற்றமாக்குகிறது. வரலாறு, தத்துவம், மதம், சாதி மரபு என எக்காரணம் காட்டித் தீண்டாமையை நியாயப்படுத்தினாலும் அது தூண்டுதலே என்று அப்பிரிவின் இரண்டாம் விளக்கம் தெளிவுறுத்துகிறது. இதற்கு ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு. இச்சட்டத்தின் குற்றங்கள் அனைத்தும் பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்கவை.

ஆகவே, கோயில் நுழைவையோ பொதுக்குழாயையோ மறுக்கும்போது “அவர்கள் வினை அது” என்று ஒருவர் நியாயம் பேசினால், அதை வெறும் நம்பிக்கையாக எண்ணி நாம் கடந்துவிடலாகாது. சொன்னவர், சொன்ன சொற்கள், இடம், நாள், கேட்டவர்கள் ஆகிய விவரங்களைக் குறித்துவைத்துப் புகாரில் தனிப் பத்தியாகச் சேர்க்க வேண்டும். மறுத்த செயல் ஒரு குற்றம். அதற்குச் சொன்ன நியாயம் மற்றொரு குற்றம்.