ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு

ஃபிஷ் ஆற்றுப் பள்ளத்தாக்கு, ஆப்பிரிக்காவின் தென்மேற்கிலுள்ள நமீபியா நாட்டின் தென்பகுதியில், மழை அரிதான கல்வெளியைப் பிளந்துகொண்டு ஏறத்தாழ 160 கிலோமீட்டர் நீள்கிறது. இதன் அகலம் சில இடங்களில் 27 கிலோமீட்டரையும், ஆழம் 550 மீட்டரையும் எட்டும். உலகின் இரண்டாவது பெரிய பள்ளத்தாக்கு என்று சுற்றுலாக் கையேடுகள் இதைக் குறிப்பிடுவது வழக்கம். ஆனால் நீளம், ஆழம், பரப்பு ஆகியவற்றுள் எதைக் கொண்டு அளப்பது என்பதற்குப் பொது வரையறை இல்லாததால், அந்த வரிசை எண்ணுக்குப் பெரிய மதிப்பளிக்க வேண்டியதில்லை.

இப்பள்ளத்தாக்கு ஆற்றின் அரிப்பினால் மட்டும் உண்டானதன்று. நிலவோட்டில் வடக்குத் தெற்காக ஏற்பட்ட பிளவுகளுக்கு இடைப்பட்ட நிலம் கீழிறங்கியதால் அகன்ற மேற்பள்ளம் முதலில் தோன்றியது. தென்கண்டங்கள் ஒன்றாக இணைந்திருந்த கோண்டுவானா நிலப்பரப்பின் பனியாறுகள் பின்னர் அதைத் தேய்த்து அகலப்படுத்தின. அந்நிலப்பரப்பு உடைந்து ஆப்பிரிக்கா மேலெழுந்தபோது வேகம் பெற்ற ஆறு, மேற்பள்ளத்தின் தரையை அறுத்து, குறுகிய உட்பள்ளத்தை உருவாக்கியது. சமநிலத்தில் மெதுவாக ஓடும் ஆறுகளுக்குரிய பெரிய வளைவுகள் இங்கே கடும்பாறையில் ஆழப் பதிந்திருப்பது, கீழ்நோக்கி அறுக்கத் தொடங்கும் முன்பே ஆறு அவ்வாறு வளைந்து ஓடியதைக் காட்டுகிறது. அடித்தளத்தில் நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த உருமாறிய பாறைகளும், அவற்றின்மேல் கிடைமட்டமாக அடுக்கப்பட்ட படிவுப் பாறைகளும் காணப்படுகின்றன.

இங்கு வருவோர் பெரும்பாலும் ஹோபாஸ் முகாமுக்கு அருகிலுள்ள விளிம்பில் நின்று பார்த்துத் திரும்பிவிடுகின்றனர். கீழே இறங்கி நடக்க விரும்புவோருக்கு, ஹோபாஸ் பகுதியிலிருந்து ஆய்-ஆய்ஸ் வெந்நீரூற்று வரை, சுமார் 85 கிலோமீட்டர் நீளமுள்ள நடைவழி உள்ளது. இதைக் கடக்க நான்கு அல்லது ஐந்து நாள் ஆகும். வழியில் விடுதியோ கடையோ இல்லை. உணவையும் படுக்கையையும் முதுகில் சுமந்து, இரவில் ஆற்றுமணலில் உறங்கி, சேரும் குப்பையைத் திரும்ப எடுத்துவர வேண்டும். சங்கிலியைப் பற்றிக்கொண்டு இறங்கும் செங்குத்தான தொடக்கச் சரிவும், அதையடுத்து உருண்டைக் கற்களும் மணலும் நிறைந்த பகுதியும் முழங்கால்களைக் கடுமையாகச் சோதிப்பவை. நடைவழி மே 1 முதல் செப்டம்பர் 15 வரை மட்டுமே திறந்திருக்கும். கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டுவதுடன், அப்பருவ மழையால் திடீர் வெள்ளமும் வரும் என்பதே இதற்குக் காரணம். குழுவில் மூவராவது இருத்தல், முன்னனுமதி, மருத்துவரின் உடற்தகுதிச் சான்று ஆகிய நிபந்தனைகள் கடுமையாகத் தோன்றினாலும், உதவி எளிதில் வந்துசேராத இடத்தில் அவை உயிர்காப்பவை. மழைக்காலம் முடிந்ததும் ஆறு தனித்தனிக் குட்டைகளாகச் சுருங்கிவிடுவதால், பருவத்தின் பிற்பகுதியில் நடப்போர் குடிநீர் கிடைக்கும் இடங்களை முன்கூட்டியே விசாரித்து அறிய வேண்டும். அக்குட்டைகளை நாடி மலை வரிக்குதிரை, பபூன் குரங்கு, குடு மான் முதலியவை வருகின்றன.

வழியோரத்தில், 1905-இல் கொல்லப்பட்ட ஜெர்மானியப் படை அதிகாரி ஒருவரின் கல்லறை உள்ளது. இம்மண்ணின் நாமா மக்கள் குடியேற்ற ஆட்சியை எதிர்த்துப் போரிட்டு, பெருந்தொகையில் அழிக்கப்பட்ட காலம் அது. அயலாரின் கல்லறையைக் காண்போர் அம்மக்களின் இழப்பையும் அறிந்திருப்பது கடமையாகும். பயணம் முடியும் ஊற்றின் பெயரான ஆய்-ஆய்ஸ் அவர்களது மொழியைச் சேர்ந்தது. அங்கு நீர் சுமார் 60 பாகை வெப்பத்துடன் சுரக்கிறது.

பள்ளத்தாக்கு 1962-இல் தேசிய நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. இன்று அது தென்னாப்பிரிக்காவின் ரிக்டர்ஸ்வெல்ட் பகுதியையும் உள்ளடக்கிய எல்லைகடந்த பூங்காவின் அங்கம். எனினும் மேற்பகுதியில் ஹார்டாப், நெக்கர்டால் ஆகிய இரு அணைகள் ஆற்றுநீரைத் தேக்குகின்றன. குட்டைகளை நிரப்புவது ஆண்டு வெள்ளமே என்பதால், பாசனத் தேவையோடு பள்ளத்தாக்கின் தேவையையும் கணக்கிட்டு அவ்வணைகளிலிருந்து உரிய பருவத்தில் நீர் திறந்துவிடப்பட வேண்டும்.