சீமெந்துத் தரையில் தட்டிய கால்கள்: எங்கள் பாடசாலைகளில் நடனம் பாடமான வரலாறு

நூற்றாண்டு மலருக்கு நடனக் கல்வியைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழுவில் இருக்கும் தங்கைமார் தொலைபேசியில் கேட்டபோது முதலில் மறுத்தேன். ஆட்டுவிக்கத் தெரிந்த அளவுக்கு எனக்கு எழுதத் தெரியாது. "அக்கா, நீங்கள் எழுதாவிட்டால் அந்தப் பக்கம் வெறுமையாகத்தான் போகும்" என்றார்கள். அதன்பிறகு மறுக்க முடியவில்லை.

முதல் வேலையாகக் கைக்குக் கிடைத்த பழைய கல்லூரி மலர்களைப் புரட்டினேன். எங்கள் சங்கம் தொடங்கிய காலத்து மலர்களில் தையல் இருக்கிறது, சங்கீதம் இருக்கிறது, தேகாப்பியாசம் இருக்கிறது. பரிசளிப்பு விழாக்களில் கும்மியும் கோலாட்டமும் அபிநயப் பாட்டும் நடந்திருக்கின்றன. நடனம் என்ற சொல்லை மட்டும் காணவில்லை. இது எங்கள் கல்லூரிக்கு மட்டும் உரிய குறையல்ல. அந்நாளில் யாழ்ப்பாணத்தின் எந்தப் பெண்கள் பாடசாலையிலும் பரதம் ஒரு பாடமாக இருந்திருக்க முடியாது. ஏன் என்பதைச் சொல்லாமல் இந்த வரலாற்றைத் தொடங்குவது நேர்மையாகாது.

அன்று யாழ்ப்பாணத்தில் நடனம் என்றால் சின்னமேளம். நாதஸ்வரமும் தவிலும் பெரியமேளம். ஆடும் பெண்களும் நட்டுவனாரும் சேர்ந்த குழு சின்னமேளம். கோயில் திருவிழா இரவுகளில் சுவாமி வீதி வலம் வந்தபின் விடியும்வரை ஆட்டம் நடக்கும். தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்த குழுக்கள் பல. இங்கேயே கோயில்களைச் சார்ந்து வாழ்ந்த பெண்களும் இருந்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆடிய கனகி என்பவளை நாம் அறிவோம். எப்படி அறிவோம் என்றால், நட்டுவச் சுப்பையனார் அவளைக் கேலிசெய்து 'கனகி புராணம்' பாடினார் என்பதனால். அக்காலத்து ஆடற்பெண்களில் பெயரோடு நினைக்கப்படுகிறவள் அநேகமாக அவள் ஒருத்திதான், அதுவும் வசையினால். ஆறுமுக நாவலர் கோயில்களில் இந்த ஆட்டம் கூடாதென்று கடுமையாக எதிர்த்தார். ஆனாலும் சின்னமேளம் அவருக்குப் பின்னரும் பல பத்தாண்டுகள் நின்றது. ஊர் ஆண்கள் முன்வரிசையில் இருந்து பார்ப்பார்கள். தங்கள் வீட்டுப் பெண்பிள்ளை கால் தூக்கினால் அடிப்பார்கள். இந்த இரண்டும் ஒரே ஊரில், ஒரே வீட்டிலேயே நடந்தன.

மாற்றம் கடலுக்கு அப்பால் தொடங்கியது. கோயிலில் பெண்களைப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கவேண்டும் என்ற இயக்கம் சென்னையில் வலுத்துவந்த அதே காலத்தில், சதிர் என்று அழைக்கப்பட்ட ஆட்டத்தைப் பரதநாட்டியம் என்ற பெயரோடு சபா மேடைக்குக் கொண்டுவரும் முயற்சியும் நடந்தது. ருக்மிணிதேவி அருண்டேல் 1935இல் அடையாற்றில் மேடையேறினார். 1936இல் கலாக்ஷேத்திரத்தைத் தொடங்கினார். பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் வந்தது. ஆடிவந்த பெண்களிடமிருந்து ஆட்டம் பிரிக்கப்பட்டு, 'நல்ல குடும்பத்துப்' பிள்ளைகளுக்கு உரியதாக மாற்றப்பட்டது. நாங்கள் பயன்பெற்றவர்கள், ஆகவே அந்த மாற்றத்தைக் குறைசொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் அதைக் கொண்டாட்டமாக மட்டும் எழுதவும் மனம் ஒப்பவில்லை.

யாழ்ப்பாணத்து மனத்தை அசைத்த இன்னொன்று 1934இல் இரவீந்திரநாத் தாகூர் தம் சாந்திநிகேதனக் குழுவுடன் இலங்கை வந்தது. 'சாபமோசனம்' என்ற அவருடைய நாட்டிய நாடகம் கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலும் மேடையேறியது. படித்த குடும்பத்துப் பெண்கள், ஒரு மகாகவியின் முன்னிலையில், பொதுமேடையில் ஆடினார்கள். பெற்றோருக்கு அது பெரிய சான்றிதழ்.

அதன்பிறகு எங்கள் பெண்பிள்ளைகள் சிலர் போட் மெயில் பிடித்துத் தலைமன்னார் போய், தனுஷ்கோடிக்குக் கப்பலேறி, சென்னையில் நடனம் பயின்று வந்தார்கள். கொக்குவிலில் ஏரம்பு சுப்பையா அவர்கள் கலாபவனம் நடத்தினார். வட இலங்கைச் சங்கீத சபை தரம் தரமாகப் பரீட்சைகளை நடத்தி, 'கலாவித்தகர்' என்ற பட்டத்தை வீடு வீடாகக் கொண்டுவந்து சேர்த்தது. பாட்டுக்கு மட்டுமல்ல, நடனத்துக்கும் ஒரு சான்றிதழ் உண்டென்றால் யாழ்ப்பாணத்துத் தகப்பன்மார் இளகிவிடுவார்கள். இதை நான் கிண்டலாகச் சொல்லவில்லை. என் தகப்பனாரும் அப்படித்தான் இளகினார்.

நான் ஆறாம் வகுப்பில் நடனத்தில் சேர்ந்தபோது அது பாடவேளைக்கு வெளியே, தனிக் கட்டணத்தோடு நடந்த ஒன்று. பாடசாலை முடிந்தபின் பிரதான மண்டபத்தில் வாங்குகளை ஒதுக்கி, வந்த பன்னிரண்டு பேரும் வரிசையில் நிற்போம். எங்கள் நடன ரீச்சர் சென்னையில் படித்தவர். தட்டுக்கழியோடு நிலத்தில் இருந்தால் எழும்பவே மாட்டார். முழங்கால் பார்வையிலேயே எங்கள் பிழையெல்லாம் அவருக்குத் தெரியும். அப்பாச்சி வீட்டில், "சின்னமேளக்காரி மாதிரி ஆடப்போறாளோ?" என்று கேட்டார். அம்மா பதில் சொல்லவில்லை. அடுத்த நாளும் என் அரைப்பாவாடையைத் தோய்த்து மடித்து வைத்தார்.

எங்கள் பன்னிரண்டு பேரில் மிக நன்றாக ஆடியவள் நானல்ல. பெயர் சொன்னால் கோபிப்பாள். அவளுடைய அரைமண்டி ஒரு தடவைகூட உயர்ந்து நான் கண்டதில்லை. எட்டாம் வகுப்பில் அவள் பெரியபிள்ளையானாள். சாமத்தியச் சடங்கு முடிந்து பாடசாலைக்கு வந்தாள். நடன வகுப்புக்கு வரவில்லை. ரீச்சர் அவள் வீட்டுக்கே நடந்துபோய்க் கேட்டார். படலையில் நிற்கவைத்தே திருப்பி அனுப்பினார்கள் என்று பின்னர் அறிந்தோம். அடுத்த வகுப்பில் ரீச்சர் ஒன்றும் சொல்லவில்லை. அவளுடைய இடத்தை மட்டும் ஒருவரும் நிரப்பவேண்டாம் என்று, வரிசையில் இடைவெளி விட்டே அந்தத் தவணை முழுவதும் எங்களை ஆடவைத்தார்.

1972ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தத்தைப் பலரும் பல காரணங்களுக்காகத் திட்டுவார்கள். நான் அதற்கு ஒரு நன்றி சொல்லவேண்டும். இடைநிலை வகுப்புகளுக்கு அழகியற்கல்வி கட்டாய பாடமானது அப்போதுதான். சங்கீதம், நடனம், சித்திரம் ஆகியவற்றில் ஒன்றை எல்லாப் பிள்ளைகளும் படித்தாக வேண்டும். கட்டணம் கட்ட வசதியில்லாத பிள்ளை, பட்டணத்துக்கு வெளியே இருந்து பஸ்ஸில் வரும் பிள்ளை, எந்த ஆசானும் தன் வீட்டுத் திண்ணையில் ஏற்றியிருக்கமாட்டாத பிள்ளை, எல்லோரும் ஒரே வரிசையில் நின்று தட்டடவு தட்டினார்கள். பாடவிதானத்தில் இருப்பதைப் படலையில் நிற்கவைத்துத் திருப்பியனுப்ப முடியாது. அதே காலத்தில் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடுகளால் இந்தியா போய்ப் படிப்பது கடினமாயிற்று. மருதனார்மடத்தில் இருந்த இராமநாதன் இசைக் கல்லூரி 1975இல் பல்கலைக்கழக யாழ்ப்பாண வளாகத்துடன் இணைந்து, இங்கேயே நடன ஆசிரியர்களை உருவாக்கும் இடமாக வளர்ந்தது. நானும் அங்கே படித்துத்தான் ஆசிரியையானேன்.

இனி வகுப்பறை. இதைப்பற்றித்தான் எனக்கு உண்மையில் எழுதத் தெரியும்.

குருவின் வீட்டில் ஒரு பிள்ளை படிப்பதற்கும் பாடசாலையில் நாற்பது பிள்ளைகள் படிப்பதற்கும் ஒரே முறை சரிவராது. தஞ்சை நால்வர் ஒழுங்குபடுத்திய அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்ற வரிசை, வருடக்கணக்காக நாள்தோறும் பயிலும் ஒருத்தியை மனத்தில் வைத்து அமைந்தது. எனக்குக் கிடைத்தது நாற்பது நிமிடப் பாடவேளை. அதில் பத்து நிமிடம் மண்டபத்துக்கு வருவதிலும் வாங்கு தள்ளுவதிலும் போய்விடும். சீருடைக் கவுணோடு அரைமண்டியில் இருக்கமுடியாது. மாற்றுடை போட இடமில்லை. சீமெந்துத் தரை முழங்காலுக்கு நஞ்சு. மரத்தளம் கேட்டு எழுதிய கடிதங்களை அடுக்கினால் ஒரு தளமே போட்டிருக்கலாம். முதல் தவணையில் தட்டடவை மூன்று காலத்திலும் தட்டவைத்து விடுவேன் என்று புதிதாக வந்த நாளில் அதிபரிடம் வீரம் பேசினேன். வருட முடிவில்தான் முதற்காலம் ஒழுங்காக வந்தது.

சில காலம் போனபின் என் முறையை மாற்றினேன். முதலில் கால் அல்ல, கை தட்டல். ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கையை வகுப்பறையில், மேசையில், இருந்தபடியே போடவைப்பேன். திஸ்ரம் மூன்று, சதுஸ்ரம் நான்கு, கண்டம் ஐந்து, மிஸ்ரம் ஏழு, சங்கீர்ணம் ஒன்பது. கணக்கில் பின்தங்கிய பிள்ளைகள் சிலருக்கு இதில் முகம் மலர்வதைக் கண்டிருக்கிறேன். 'அபிநயதர்ப்பணம்' சொல்லும் ஒற்றைக்கை முத்திரைகள் 28ஐயும் பாராமல் ஒப்புவிக்கச் சொல்வதை விட்டு, நாளுக்கு இரண்டு முத்திரையால் ஒரு கதை சொல்லச் சொல்வேன். ஒரு பிள்ளை பதாகத்தையும் முகுளத்தையும் வைத்துக்கொண்டு சங்கக் கடையில் மண்ணெண்ணெய்க்கு வரிசையில் நின்ற தன் அம்மாவைக் காட்டினாள். வகுப்பே சிரித்து, பிறகு அமைதியாகிவிட்டது.

வசந்தன், கரகம், காவடி, செம்பு நடனம் ஆகியவற்றையும் கட்டாயம் சேர்த்தேன். பரதத்தில் பின்வரிசையில் ஒளிந்து நின்ற பிள்ளைகள் வசந்தன் ஆட்டத்தில் கோல் எடுத்ததும் முன்னுக்கு வந்தார்கள். அவர்களின் மாமன்மார் ஊரில் கூத்தாடியவர்கள். தாளம் வீட்டிலேயே இருந்தது.

1990இன் பின் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. தமிழ்மொழித்தினப் போட்டிக்குக் குழுநடனம் பழக்கவேண்டும். ரேப் றெக்கோடரைச் சைக்கிள் டைனமோவில் பொருத்தி, சைக்கிளை ஸ்ராண்டில் விட்டு, பிள்ளைகள் முறைவைத்துப் பெடலைக் கையால் சுற்றுவார்கள். சுற்றுகிறவள் களைத்தால் பாட்டும் களைக்கும். உற்சாகமானால் வர்ணம் தில்லானாவாகிவிடும். அந்தப் பிள்ளைகளுக்கு லயம் அசையாமல் நின்றதற்கு அதுதான் காரணம் என்று இன்றும் நினைக்கிறேன். பாட்டை நம்பி ஆட முடியாது. தாளம் உள்ளே இருக்கவேண்டும். மாலையில் ஜாம்போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் கண் அபிநயம் தெரியாது. அதைப் பகலுக்கு ஒதுக்கினோம்.

1995 ஒக்டோபர் 30. இந்த மலரை வாசிக்கும் பலருக்கு அந்த இரவைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. நாவற்குழிப் பாலத்தைத் தாண்டித் தென்மராட்சிக்கு நடந்தபோது என் பையில் உறுதியும் சான்றிதழ்களும் இருந்தன. கூடவே தட்டுக்கழியும் இருந்தது. சதங்கையை வீட்டில் விட்டு, ஒரு மரத்துண்டை ஏன் தூக்கிவந்தேன் என்று தெரியாது. சாவகச்சேரிப் பக்கத்தில் இன்னொரு பாடசாலையின் மாமரத்தின்கீழ் மாலைநேர வகுப்புகள் நடந்தபோது, வந்த பிள்ளைகளை மண்ணில் நிறுத்தித் தட்டவைத்தேன். சத்தமே கேட்கவில்லை. "ரீச்சர், மண் எல்லாத்தையும் விழுங்குது" என்றாள் ஒருத்தி. அடுத்த வருடம் திரும்பி வந்து மண்டபத்தில் வரிசை அமைத்தபோது பல இடங்கள் வெறுமையாக இருந்தன. சிலர் வன்னிக்குப் போயிருந்தார்கள். நானும் என் ரீச்சரைப்போல இடைவெளி விட்டுத்தான் ஆடவைத்தேன்.

இன்று ஆறாம் தரத்திலிருந்து ஒன்பதுவரை அழகியற் பாடம் ஒன்று உண்டு. பத்தாம் தரத்தில் தொகுதிப் பாடமாக அதைத் தெரிவுசெய்யலாம். க.பொ.த. சாதாரண தரத்தில் எழுத்துப் பரீட்சையும் செயன்முறைப் பரீட்சையும் இருக்கின்றன. உயர்தரத்தில் கலைப்பிரிவுப் பாடமாக எடுத்து, மருதனார்மடத்துக்கோ மட்டக்களப்பில் சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்துக்கோ போகலாம். பெரிய வாய்ப்பு இது. ஆனால் ஜதியைத் தாளக்குறிப்போடு எழுதிப் புள்ளி பெறுகிறவள் அதையே ஆடச்சொன்னால் திணறுவதைச் செயன்முறைப் பரீட்சகராகப் பலமுறை பார்த்தேன். இப்போது நடனத்துக்கும் ரியூசன் இருக்கிறது, குறிப்புப் புத்தகத்தோடு. காலில் தூசி படாத நடன மாணவிகளை நாங்கள் உருவாக்கிவிட்டோமோ என்ற பயம் எனக்குண்டு.

மற்றது அரங்கேற்றம். இலண்டனிலும் றொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் எங்கள் பழைய மாணவிகள் அழைப்பிதழ் அனுப்புவார்கள். பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள், மகிழ்ச்சிதான். மண்டபம், பக்கவாத்தியம், உடை, விருந்து என்று ஆகும் செலவைக் கேட்டால் தலை சுற்றுகிறது. கட்டணம் கட்ட முடிந்தவர்களுக்கே நடனம் என்ற இடத்துக்கு மறுபடியும் போகிறோமோ என்று கேட்டால் கோபிக்காதீர்கள். எங்கள் சங்கம் அண்மையில் கல்லூரிக்குச் சதங்கைகள் வாங்கிக் கொடுத்தது. யார் வேண்டுமானாலும் கட்டி ஆடிவிட்டுத் திரும்ப வைக்கலாம். அதை நான் பெரிதாக மதிக்கிறேன்.

படிப்பதை நிறுத்திய என் தோழியைச் சில வருடங்களுக்கு முன் ஒரு திருமண வீட்டில் சந்தித்தேன். பேத்தி நடனம் பழகுகிறாள் என்றாள். "அலாரிப்பு இன்னும் ஞாபகமோடி?" என்று கேட்டேன். சேலையைச் சற்று உயர்த்திப் பிடித்துக்கொண்டு, கதிரையில் இருந்தபடியே, காலால் முழுவதையும் தட்டிக்காட்டினாள். ஓர் அட்சரம் பிசகவில்லை.

பிள்ளைகள் பரீட்சைக்காகப் பாலசரஸ்வதியையும் ருக்மிணிதேவியையும் மனனம் செய்கிறார்கள். எங்கள் கல்லூரியில் பாடமாவதற்கு முன்பே கட்டண வகுப்பாக நடனம் சொல்லித்தந்த முதல் ஆசிரியையின் பெயரைக்கூட இந்தக் கட்டுரைக்காக என்னால் உறுதிசெய்ய முடியவில்லை. என் ரீச்சருக்கு முன் ஒருவர் இருந்தார் என்று மட்டும் மூத்த அக்காமார் சொல்கிறார்கள். 1950களின் பரிசளிப்பு நிகழ்ச்சி நிரலோ, மண்டபத்தில் எடுத்த புகைப்படமோ உங்கள் வீட்டுப் பெட்டகத்தில் இருந்தால், படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருப்பதையும் சேர்த்துப் பிரதியெடுத்து மலர்க்குழுவுக்கு அனுப்பிவையுங்கள்.