குலைப்பன் காய்ச்சலும் திறைசேரிச் சாவியும்

வன்னிக்குக் குடிபோவதென்றால் யாழ்ப்பாணத்துச் சனம் தயங்கிய காலம் ஒன்று இருந்தது. யானைக்கும் பாம்புக்கும் பயந்ததை விட நுளம்புக்குப் பயந்ததுதான் கூட. 'குலைப்பன் காய்ச்சல்' என்று எங்கட அப்பு ஆச்சிமார் சொன்னது மலேரியாவைத்தான். முதலில் உடம்பு குலைந்து நடுங்கும். பிறகு நெருப்பாய்க் கொதிக்கும். பிறகு வியர்த்து ஓயும். சுகம் எண்டு எழும்பினால் ஒருநாள் விட்டு ஒருநாள் திரும்பவும் வந்து நிற்கும்.

இந்தக் குளிர் நாட்டில் பிறந்த எங்கள் பிள்ளைகளுக்கு நுளம்பு என்றால் விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கடிக்கிற ஒரு பூச்சி, அவ்வளவுதான். ஆனால் அந்தப் பூச்சி இலங்கையின் அரசியலையும், காணியையும், குடிசனத் தொகையையும் மாற்றியிருக்கிறது. 'இத்தனை சாவுக்கு யார் பொறுப்பு? நுளம்பா, வறுமையா, காசை இறுக்கிப் பிடித்த அரசாங்கமா?' என்ற வாக்குவாதம் எங்கள் நாட்டில் தொண்ணூறு வருடமாய் நடக்கிறது. அந்தக் கதையைப் புத்தாண்டு மலரில் ஒருமுறை சொல்லி வைப்பது நல்லது.

ஆறு வற்றிய வருடம்

1934 ஆம் ஆண்டு தென்மேல் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா ஆகிய ஆறுகள் ஓட்டம் நின்று மணலுக்குள் குட்டை குட்டையாய்த் தேங்கின. வெயில் படுகிற தெளிந்த தண்ணீர்க் குட்டை எண்டால் மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் கியூலிசிபாசிஸ் நுளம்புக்குத் தொட்டில் மாதிரி. மழை கூடினால் நுளம்பு கூடும் என்றுதான் நாம் நினைப்போம். இங்கே மழை இல்லாமல் போனதுதான் வினையானது.

கேகாலை, குருநாகல் பகுதிகளில் காய்ச்சல் மூண்டது. இவை வன்னியைப் போல் வருடா வருடம் மலேரியா வருகிற இடங்கள் அல்ல. வருடா வருடம் வருகிற இடத்தில் தப்பிப் பிழைத்தவர்களின் உடம்பில் ஓரளவு எதிர்ப்புச் சக்தி இருக்கும். இங்கே அது இல்லை. 1934 இன் கடைசியிலிருந்து 1935 இன் நடுப்பகுதிக்குள் ஏறக்குறைய 80,000 பேர் இறந்தார்கள். அப்போது இலங்கையின் மொத்தச் சனத்தொகை 53 இலட்சமளவில்தான். நூறு பேருக்கு ஒன்றரைப் பேர் என்ற கணக்கு. அதிலும் குழந்தைகள்தான் அதிகம்.

யார் குற்றவாளி?

அது உலகப் பொருளாதார மந்த காலம். 1929 க்குப் பிறகு தேயிலை, இறப்பர், தேங்காய் எல்லாவற்றின் விலையும் விழுந்தது. கூலி வேலை இல்லை. மழை இல்லாமல் வயலும் இல்லை. அரை வயிறும் கால் வயிறுமாய்க் கிடந்த சனத்தின் மேல்தான் காய்ச்சல் ஏறியது.

அதிகாரிகள் பக்கம் பேசியவர்கள், 'இது வானத்தின் பிழை, மழை பெய்யாததுக்கு அரசாங்கம் என்ன செய்யும்?' என்றார்கள். இடதுசாரி இளைஞர்கள் அதை விடவில்லை. 'நுளம்பு எல்லாரையும்தான் கடிக்கிறது, ஏன் ஏழை மட்டும் சாகிறான்?' என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கொயினா மருந்து காய்ச்சலை இறக்கும். ஆனால் சாப்பாடில்லாத உடம்பில் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து ஆளை முடித்துவிடும்.

உண்மையில் இரண்டு பக்கத்திலும் விசயம் இருந்தது. காய்ச்சல் எங்கே மூண்டது என்பதை ஆறுகளும் நுளம்பும் தீர்மானித்தன. காய்ச்சல் வந்தவர்களில் யார் செத்தார்கள் என்பதில் வறுமைக்குப் பெரிய பங்கு இருந்தது. நிவாரணத்துக்குப் பொறுப்பாக நியமிக்கப்பட்ட நியூனம் என்ற ஆங்கிலேய அதிகாரி பின்னர் எழுதிய அறிக்கையின் தலைப்பிலேயே நோயும் உணவுத் தட்டுப்பாடும் சேர்ந்தே வருகின்றன.

அந்த நேரம் சூரியமல் இயக்கத்தார் கிராமங்களுக்குள் இறங்கினார்கள். சூரியமல் எண்டால் எங்கட பூவரசம்பூதான். பிரித்தானிய இராணுவத்தினருக்காக நவம்பர் 11 இல் விற்கப்பட்ட பொப்பிப் பூவுக்குப் போட்டியாக இந்தப் பூவை விற்றவர்கள் அவர்கள். டாக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா, பிலிப் குணவர்தன போன்றவர்கள் மருந்தும் உணவும் கொண்டு வீடு வீடாய்ப் போனார்கள். 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி பிறந்தது. 1936 தேர்தலில் என். எம். பெரேரா கேகாலைப் பக்கத்து ருவன்வெல்லையிலும், பிலிப் குணவர்தன அவிசாவளையிலும் வென்று அரசாங்க சபைக்குள் போனார்கள்.

இதில் இன்னொரு விசயம் உண்டு. 1931 இல்தான் டொனமூர் அரசியல் திட்டத்தின் கீழ் இலங்கையில் எல்லாருக்கும் வாக்குரிமை வந்தது. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசின் பகிஷ்கரிப்பினால் வடக்கின் நான்கு ஆசனங்களும் 1934 வரை வெறுமையாகக் கிடந்தது எங்கள் மூத்தவர்களுக்குத் தெரியும். புதிய திட்டத்தில் சுகாதாரத்துக்கு மந்திரி உண்டு, ஆனால் நிதிச் செயலாளர் பதவி வெள்ளைக்கார உத்தியோகத்தரிடம்தான். திறைசேரிச் சாவி ஒருவர் கையில், வாக்காளரின் ஏச்சுப் பேச்சு இன்னொருவர் தலையில். இருந்தாலும் காய்ச்சலில் பிள்ளையைப் பறிகொடுத்த ஏழைக்கும் இப்போது கையில் ஒரு வாக்கு இருந்தது. கிராமத்து ஆஸ்பத்திரியும் டிஸ்பென்சரியும் தேர்தல் மேடைக்கு வந்தது அப்படித்தான்.

டி.டி.ரி. செய்ததும் சோறு செய்ததும்

1945, 46 இல் வீட்டுச் சுவர்களுக்கு டி.டி.ரி. அடிக்கத் தொடங்கினார்கள். 1946 இல் ஆயிரம் பேருக்கு 20 அளவில் இருந்த இறப்பு வீதம் 1947 இல் 14 அளவுக்கு விழுந்தது. ஒரே வருடத்தில் இப்படி ஒரு வீழ்ச்சியைக் கண்டு உலகமே வாயைப் பிளந்தது.

உடனே அடுத்த சண்டை. எல்லாம் மருந்தின் மகிமை என்று ஒரு கூட்டம் சொல்ல, மறு கூட்டம் மறுத்தது. பீற்றர் நியூமன் என்ற பொருளியலாளர் மலேரியா ஒழிப்புக்குப் பெரிய பங்கு கொடுத்தார். பிரெடரிக்சன் என்பவரும், எங்கள் நாட்டு ஆய்வாளர் மீகமவும், மலேரியா இல்லாத மாவட்டங்களிலும் சாவு குறைந்ததே, அதுக்கு என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார்கள். 1942 இல் தொடங்கிய அரிசிப் பங்கீடு, பெருகிய ஆஸ்பத்திரிகள், இலவசக் கல்வி எல்லாவற்றையும் அவர்கள் கணக்கில் சேர்த்தார்கள். 1974 இல் கிறே என்பவர் கணக்குப் பார்த்து, யுத்தத்துக்குப் பிந்திய இறப்புக் குறைவில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்குதான் மலேரியாக் கட்டுப்பாட்டால் வந்தது என்றார்.

இது வெறும் பண்டிதர் சண்டை அல்ல. மருந்து மட்டும் போதும் என்றால் அரசாங்கம் மருந்துக்கு மட்டும் காசு கொடுத்துவிட்டு, சோற்றுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் கையை விரிக்கலாம். இரண்டும் வேண்டும் என்றால் இரண்டுக்கும் கொடுக்கத்தான் வேணும்.

நுளம்பு போக, குடியேற்றம் வந்தது

மலேரியா அடங்கியதன் இன்னொரு விளைவு எங்களை நேரே தொட்டது. வறண்ட வலயத்தில் பெரிய குடியேற்றங்களுக்குத் தடையாக நின்றவற்றில் இந்தக் காய்ச்சல் முக்கியமானது. அது விலகியதும் 1949 இல் கல்லோயாத் திட்டம் தொடங்கியது. கந்தளாய், அல்லை, பதவியா என்று குடியேற்றங்கள் வளர்ந்தன. 'ஆளில்லாத காடு' என்று மேடையில் சொன்னார்கள். ஆனால் அந்தக் காய்ச்சலோடு மல்லுக்கட்டியபடி தமிழரும் முஸ்லிம்களும் பழைய சிங்களக் கிராமத்தாரும் வேடரும் அந்த மண்ணில் வாழ்ந்துகொண்டுதான் இருந்தார்கள். 1956 இல் கல்லோயாவில் தமிழர் மேல் விழுந்த அடியும், பிறகு வந்த காணிப் பிரச்சினைகளும் நாம் அறிந்தவை. நோயை ஒழித்தது நல்ல காரியம். ஒழித்த நிலத்தை யாருக்கு எப்படிக் கொடுப்பது என்பது வேறு கதை.

பதினேழு பேர்

1963 இல் நாடு முழுவதிலும் பதிவான மலேரியா நோயாளர் 17 பேர்தான். 1946 இல் இருபத்தேழு இலட்சத்துக்கு மேல் இருந்த இடத்தில் வெறும் பதினேழு! 'நோயே இல்லாத இடத்தில் ஏன் காசைக் கொட்டுவான்?' என்ற எண்ணம் வந்தது. 1964 அளவில் மருந்தடிப்பு நிறுத்தப்பட்டது. இரத்தம் எடுத்துப் பார்க்கும் வேலையும் தளர்ந்தது. எடுத்த இரத்தத்தைச் சோதித்து முடிவு சொல்லவே நாட்கள் சென்றன. இரத்தினக்கல் தோண்டிய குழிகளிலும் சேனைக் காடுகளிலும் நோய் சத்தமில்லாமல் ஊர்ந்தது. 1968, 69 இல் வெடித்தது. 1969 இல் மட்டும் ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோருக்குக் காய்ச்சல்.

ரேச்சல் கார்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் டி.டி.ரி.க்கு எதிராகப் புத்தகம் எழுதியதால் மருந்தைத் தடை செய்தார்கள், அதனால்தான் இலங்கையில் மலேரியா திரும்பியது என்று சிலர் இன்றும் எழுதுகிறார்கள். அது பிழை. புத்தகம் வந்தது 1962 இல். அமெரிக்காவில் தடை வந்தது 1972 இல். இலங்கையில் மருந்தடிப்பை நிறுத்தியது தடையால் அல்ல, வேலை முடிந்துவிட்டது என்ற நினைப்பால். நோய் வெடித்ததும் திரும்ப டி.டி.ரி. அடித்துத்தான் பார்த்தார்கள். அதற்குள் நுளம்பு அந்த மருந்துக்குப் பழகிவிட்டது. 1970 களில் விலை கூடிய மலத்தியனுக்கு மாற வேண்டி வந்தது. அன்று மிச்சம் பிடித்த காசை விடப் பிறகு செலவழித்த காசு எத்தனையோ மடங்கு.

யுத்தத்துக்குள்ளும் நின்ற வேலை

1986, 87 இல் இன்னொரு பெரிய அலை. அதற்குப் பிறகு நோயின் பாரம் மெல்ல மெல்ல வடக்கு கிழக்கின் பக்கம் சாய்ந்தது. ஏன் என்று எங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மருந்து உட்படப் பல பொருட்களுக்குத் தடையும் கட்டுப்பாடும். 1995 ஒக்டோபரில் வலிகாமத்துச் சனம் ஒரே இரவில் கிளம்பி, பிறகு பெருந்தொகையானோர் வன்னிக் காட்டுக்குள் போய் மரத்தின் கீழும் தறப்பாளின் கீழும் கிடந்தபோது, குலைப்பன் காய்ச்சல் காத்துக்கொண்டிருந்தது. 1999 இல் நாட்டில் இரண்டரை இலட்சத்துக்கு மேற்பட்ட நோயாளர் இருந்தனர்.

அப்படியிருந்தும் 2008 இல் எண்ணிக்கை ஆயிரத்துக்கும் குறைந்தது. யுத்தம் முடிவதற்கு முன்னரே! இரண்டு பக்கத்துக் கட்டுப்பாட்டுப் பிரதேசங்களிலும் மலேரியாத் தடுப்பு ஊழியர்கள் சோதனைச் சாவடிகளைத் தாண்டி வேலை செய்தார்கள். மருந்தூட்டிய நுளம்பு வலைகள் வந்தன. உலக நிதியத்தின் உதவியும் கிடைத்தது. உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளர் 2012 ஒக்டோபரில் பதிவானார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கை மலேரியா ஒழிந்த நாடு என்று அத்தாட்சி கொடுத்தது. இந்த வெற்றியில் பெயர் தெரியாத எத்தனையோ தமிழ் ஊழியர்களின் பங்கும் உண்டு.

இப்போது என்ன?

2016 இன் முடிவில், அத்தாட்சி கிடைத்துச் சில மாதங்களுக்குள், மன்னாரில் அனோபிலிஸ் ஸ்ரெபென்சி என்ற புதிய நுளம்பைக் கண்டுபிடித்தார்கள். பிறகு யாழ்ப்பாணத்திலும் கண்டார்கள். இது ஆற்றுக் குட்டையைத் தேடாது. கிணற்றிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பெருகும். எங்கட ஊரில் கிணறு இல்லாத வளவு எது?

டெங்கும் சும்மா இருக்கவில்லை. 2017 சித்திரைப் புத்தாண்டு நாளிலேயே கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 பேர் இறந்தனர். அதன் பிறகு குப்பை அள்ளுவது குழம்பித் தெருவெல்லாம் தேங்கியது. மழையும் சேர, அந்த வருடம் 1,86,000 பேருக்கு டெங்கு. நானூறுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். 2022 இல் நாடு வங்குரோத்தானபோது ஆஸ்பத்திரிகளில் மருந்துத் தட்டுப்பாடு வந்ததையும் கண்டோம்.

ஊர் ஆஸ்பத்திரிக்கு வெளிநாட்டில் காசு சேர்க்கிற சங்கங்கள் நம்மிடம் பல. கட்டிலும் மெசினும் வாங்கிக் கொடுப்பது நல்ல காரியம், நிறுத்த வேண்டாம். ஆனால் கிணறு கிணறாய்ப் போய் நுளம்புக் குடம்பியைத் தேடுகிறவருக்கும், நோயே இல்லாத வருடத்திலும் இரத்தம் எடுத்துப் பார்க்கிறவருக்கும் மாதா மாதம் சம்பளம் கொடுக்க அரசாங்கத்தால்தான் முடியும். அந்தச் செலவுக்குப் படம் எடுக்கவோ கல்வெட்டு வைக்கவோ இடமில்லை. அதனால்தான் முதலில் வெட்டு விழுவதும் அங்கேதான். ஊரில் அரசியல்வாதிகளைச் சந்திக்கும்போது கட்டடம் மட்டும் கேளாமல் இதையும் கேட்க வேணும்.

எங்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. ஆபிரிக்காவுக்கோ இந்தியாவுக்கோ போய் வந்த பிறகு காய்ச்சல் கண்டால், 'தடிமன் காய்ச்சல்தான்' எண்டு பனடோலைப் போட்டுப் படுக்காமல், போய் வந்த நாட்டின் பெயரை டாக்டரிடம் சொல்லுங்கள். கனடாவை நோக்கிப் புறப்பட்டு மேற்கு ஆபிரிக்காவில் அகப்பட்டு, இலங்கைக்குத் திரும்பி வந்த எம்மவர் சிலரிடம் இந்த நோய் இருந்ததை விமானநிலையச் சோதனையில்தான் கண்டுபிடித்தார்கள். இறங்கிய இடத்திலேயே சோதித்ததால் அது ஊருக்குள் பரவவில்லை.

பதினேழு பேர் ஐந்து இலட்சமாக ஆறே வருடம்தான் எடுத்தது. அதை மறவாமல் இருப்போம். எல்லோருக்கும் நோய் நொடியற்ற புத்தாண்டு வாழ்த்துக்கள்.