காப்பி சுமார் என்று பெயர் வாங்காதிருக்க: உணவகங்கள் கவனிக்க வேண்டியவை

காலையில் பசியாற வருபவர் தோசைக்காகவும் ரொட்டி சானாய்க்காகவும்தான் வருகிறார் என்று பல இந்திய உணவகங்கள் நினைக்கின்றன. கல்லுக்கு ஓர் ஆள், கறிக்கு ஓர் ஆள் என்று அனுபவம் உள்ளவர்களைத் தேடிப் பிடிக்கும் முதலாளிகள், தண்ணீர் கலக்கும் இடத்தில் மட்டும் நேற்று வேலைக்கு வந்தவரை நிறுத்திவிடுகிறார்கள். விளைவு, 'சாப்பாடு நல்லா இருக்கு, காப்பிதான் சுமார்' என்ற பெயர். அங்கே சாப்பிட்டு முடித்தவர் காப்பிக்காகப் பக்கத்துக் கோப்பித்தியாமுக்கோ, புதிதாகத் திறந்த குளுகுளு காப்பிக் கடைக்கோ நடக்கிறார். நாளடைவில் சாப்பாட்டையும் அங்கேயே முடித்துக்கொள்கிறார்.

மலாயாத் தமிழருக்குக் காப்பி புதிதல்ல. ரப்பருக்கு முன்பே, 1880களிலும் 1890களிலும், சிலாங்கூர், பேராக், நெகிரி செம்பிலான் பகுதிகளில் காப்பித் தோட்டங்கள் இருந்தன. அங்கே உழைத்தவர்களில் தமிழர்கள் ஏராளம். இலங்கையில் 1869 முதல் பரவிய இலைத்துரு நோய் அராபிகா செடிகளை அழித்த அனுபவத்தால், இங்கே லைபீரிக்கா என்ற உயரமான மரவகை அதிகம் நடப்பட்டது. அந்த நூற்றாண்டின் இறுதியில் பிரேசில் காப்பி சந்தையில் குவிந்து விலை சரிந்ததும் தோட்டங்கள் பால்மரத்துக்கு மாறின. லைபீரிக்கா இன்றும் ஜொகூரில் விளைகிறது. ஆனால் உணவகங்களுக்கு வரும் தூளில் பெரும்பகுதி இறக்குமதி செய்த ரொபஸ்தா கொட்டையில் அரைத்ததுதான்.

இந்நாட்டுக் காப்பியின் கறுப்பும் மணமும் வறுக்கும் முறையில் இருக்கின்றன. கொட்டை வறுபடும்போது சீனியும் மார்ஜரினும் சேர்க்கிறார்கள். சீனி கருகிக் கொட்டையின் மேல் படிவதால்தான் காப்பி அவ்வளவு கறுப்பாக இறங்குகிறது. கறுப்பாக இருந்தால் தரமான தூள் என்று எண்ணுவது தவறு. சீனி கூடுதலாகக் கருகியிருந்தாலும் அப்படித்தான் தெரியும். பொட்டலத்தின் பின்புறம் அச்சிட்டிருக்கும் சேர்மானப் பட்டியலைப் படித்துப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். விலை வித்தியாசத்தையும் குவளைக் கணக்கில் பார்ப்பது நல்லது. ஒரு குவளைக்கு 10 கிராம் தூள் என்று வைத்துக்கொண்டால், கிலோ 30 ரிங்கிட் தூளுக்கும் 40 ரிங்கிட் தூளுக்கும் உள்ள வேறுபாடு குவளைக்குப் 10 சென்தான். அந்தப் 10 சென்னை மிச்சம் பிடிக்கப் போய் வாடிக்கையாளரை இழப்பது என்ன வியாபாரம்?

நல்ல தூளும் திறந்து வைத்தால் கெட்டுவிடும். காற்று, ஈரம், அடுப்புச் சூடு மூன்றும் அதற்கு ஆகாது. மாதத்துக்கு ஒரு மூட்டை என்று வாங்கி அடுப்போரம் வைப்பதை விட, வாரத்துக்கு வேண்டியதை வாங்கி இறுக மூடிய டின்னில் வைப்பது நல்லது. அளவையும் கைக்கணக்கில் விடக்கூடாது. கறுப்புக் காப்பிக்கு ஒரு லிட்டர் நீருக்கு 55 முதல் 60 கிராம் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. பால் சேர்ப்பதற்கு அதைவிடத் தடிப்பாக இறக்க வேண்டும். சிறிய தராசு ஒன்று இருந்தால் காலையில் ஒரு ருசி, மாலையில் ஒரு ருசி என்ற புகார் பாதி குறையும். நீர் கொதித்து அடங்கி 90 முதல் 96 டிகிரிக்குள் இருக்கும்போது ஊற்ற வேண்டும். வெதுவெதுப்பான நீரில் காப்பி சரியாக இறங்காது.

அதிகம் கெடுவது துணி வடிகட்டியில்தான். அதில் ஒட்டும் காப்பி எண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை வீசும். சவர்க்காரம் போட்டால் அந்த வாசனை மறுநாள் காப்பியில் இறங்கும். வெறும் கொதிநீரில் அலசி, அடிக்கடி புதுத்துணி மாற்றுவதே வழி. புதுத்துணியையும் முதலில் கொதிநீரில் போட்டு எடுக்க வேண்டும். இறக்கிய காப்பியை மணிக்கணக்காக அடுப்பில் வைத்துச் சூடாக்கினால் கசப்பும் புளிப்பும் ஏறும். கூட்டம் குறைந்த நேரத்தில் சிறிது சிறிதாக இறக்குவதே மேல்.

பில்டர் காப்பி தரும் கடைகளில் சிக்கல் வேறு. சிக்கரி ஒரு செடியின் வேர். அது டிகாக்ஷனுக்கு நிறமும் தடிப்பும் தருமே தவிர காப்பி மணத்தைத் தராது. சிக்கரி கூடக் கூட மணம் குறையும். முதல் டிகாக்ஷன் தீர்ந்ததும் அதே தூளில் இரண்டாவது முறை நீர் ஊற்றி எடுத்ததை முழு விலைக்கு விற்பது வாடிக்கையாளரின் நாக்குக்குத் தெரியாமல் போகாது. திரும்பத் திரும்பக் கொதித்த பாலும் அப்படித்தான்.

இனிப்பு விஷயத்தில் உணவகங்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இந்நாட்டில் நீரிழிவு நோய் இந்தியர்களிடம்தான் அதிகம் என்பதைச் சுகாதார ஆய்வுகள் காட்டிவிட்டன. 'கூராங் மானிஸ்' என்று கேட்டவருக்கு வழக்கமான காப்பியே வருவது வெறும் கவனக்குறைவு ஆகாது. டின்னில் வரும் கிரீமரிலேயே சீனி நிறைய உண்டு; அதற்கு மேல் ஒரு கரண்டி சீனி தேவையில்லை. கோப்பி ஓ, கோப்பி ஓ கோசோங், கோப்பி சி ஆகியவற்றின் வேறுபாட்டைப் புதிய ஊழியருக்கு, குறிப்பாக வெளிநாட்டிலிருந்து வந்தவருக்கு, முதல் நாளே சொல்லிக்கொடுக்க வேண்டும். தண்ணீர் கலக்கும் இடத்தில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாலும் போதும். கேட்டதை ஊழியர் ஒருமுறை திருப்பிச் சொன்னால் தவறு அங்கேயே நின்றுவிடும்.

குவளையில் முட்டை வாடை அடிப்பது அடுத்த புகார். கறித் தட்டும் காப்பிக் குவளையும் ஒரே தொட்டியில் ஊறினால் அப்படித்தான் ஆகும். கழுவ வேறு தொட்டி, துடைக்க வேறு துணி என்று பிரித்துவிட்டால் செலவில்லாமல் தீரும். குவளையைக் கொதிநீரில் ஒருமுறை அலசி ஊற்றினால் காப்பி சூடாகவும் நிற்கும்.

உணவகங்களில் புகைபிடிக்க 2019 ஜனவரி முதல் தடை உண்டு. ஆனால் வாசல் மேசையில் புகை ஓயாத கடைகளை இன்னும் பார்க்கலாம். பிள்ளைகளோடு வரும் தாய்மார்கள் அந்த மேசையைத் தாண்டி உள்ளே வருவதில்லை. கழிவறை எப்படி இருக்கிறது என்பதும் அவர்களுக்கு முக்கியம். விலைப்பட்டியலை எல்லாருக்கும் தெரியும்படி வைப்பது சட்டப்படி கடமை. காப்பிக்கு ஒரு நாள் ஒரு விலை, மறுநாள் வேறு விலை சொன்னால், உள்நாட்டு வாணிப அமைச்சிடம் புகார் செய்ய வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு. தோட்டப்புறங்களிலிருந்து டவுனுக்கு வந்து கட்டிக்கொண்டு போகிறவர்கள் தூக்குச்சட்டி கொண்டுவந்தால், சூடான காப்பியை நெகிழிப் பையில் ஊற்றாமல் அதிலேயே ஊற்றிக் கொடுக்கலாம்.