பூட்டைத் திறந்து காட்டியவர்கள்

லண்டன் பிக்காடில்லி தெருவில் 124-ஆம் எண் கடை. அதன் கண்ணாடி ஜன்னலில் ஒரு பூட்டு பல ஆண்டுகளாக இருந்தது. கூடவே ஒரு அறிவிப்பு: இந்தப் பூட்டைச் சாவி இல்லாமல் திறக்க ஒரு கருவியைச் செய்து காட்டுபவருக்கு 200 கினி பரிசு. அந்தக் காலத்தில் 200 கினி என்பது ஒரு தொழிலாளி பல வருடம் உழைத்தாலும் சேர்க்க முடியாத பணம்.

கடை ஜோசப் பிராமா என்பவருடையது. 1784-ல் அவர் ஒரு புதுவகைப் பூட்டுக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். அதுவரை வீடுகளில் இருந்த பூட்டுகள் பெரும்பாலும் ஏமாற்று வேலைதான். உள்ளே சில தடுப்புத் தகடுகள் இருக்கும். அவற்றில் இடிக்காத மாதிரி சாவியில் வெட்டு இருக்கும். மெல்லிய கம்பியை வளைத்து ஒரு கள்ளச்சாவி செய்தால் தடுப்புகளைத் தாண்டிவிடலாம். திருடர்களுக்கு இது நன்றாகத் தெரியும். வீட்டுக்காரர்களுக்குத்தான் தெரியாது. பூட்டு கனமாக இருந்தால் பாதுகாப்பு என்று நம்பிக்கொண்டிருந்தார்கள்.

பிராமாவின் பூட்டு வேறு மாதிரி. சாவி ஒரு சின்னக் குழாய். அதன் நுனியில் வெவ்வேறு ஆழத்தில் வெட்டுகள். சாவியை உள்ளே அழுத்தும்போது பூட்டுக்குள் இருக்கும் சிறு தகடுகள் ஒவ்வொன்றும் தனக்குரிய ஆழத்துக்கு நகர வேண்டும். ஒன்று கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு சுழலாது. ஜன்னலில் இருந்த பூட்டில் இப்படி 18 தகடுகள்! அதைச் செய்ய உதவியவர் ஹென்றி மாட்ஸ்லே. பிற்காலத்தில் இயந்திரக் கருவிகளின் தந்தை என்று பெயர் வாங்கியவர் அவர்தான்.

1814-ல் பிராமா இறந்துபோனார். அறிவிப்பு மட்டும் அப்படியே இருந்தது. 200 கினியும் அப்படியே இருந்தது.

இதற்கிடையில் இன்னொரு பூட்டு வந்தது. 1817-ல் போர்ட்ஸ்மவுத் கப்பல் கட்டும் தளத்தில் கள்ளச்சாவி போட்டுத் திருடிவிட்டார்கள். உரிய சாவியைத் தவிர வேறெதாலும் திறக்க முடியாத பூட்டைச் செய்பவருக்கு 100 பவுண்டு என்று அரசாங்கம் போட்டி வைத்தது. ஜெரமையா சப் என்பவர் 1818-ல் அதை வென்றார். அவருடையது லிவர் பூட்டு. நம் ஊர்ப் பூட்டுகளின் மேல் '6 லிவர்', '7 லிவர்' என்று பொறித்திருக்கிறதே, அந்த லிவர்தான். சாவி உள்ளே சுழலும்போது ஒவ்வொரு லிவர் தகட்டையும் சரியான உயரத்துக்குத் தூக்க வேண்டும். சப் இதில் ஒரு தந்திரம் சேர்த்தார். யாராவது கம்பி விட்டு நெண்டும்போது ஒரு லிவர் அளவுக்கு மேல் எழுந்தால் பூட்டு அப்படியே இறுகிக்கொள்ளும். அதன்பிறகு சொந்தக்காரரின் சாவியே சுழலாது. "உன் வீட்டில் யாரோ கை வைத்திருக்கிறார்கள்" என்று பூட்டே சாட்சி சொல்கிறது!

இந்தப் பூட்டைச் சோதிக்க அரசாங்கம் தேர்ந்தெடுத்த ஆள் ஒரு கைதி. போர்ட்ஸ்மவுத் துறைமுகத்தில் சிறைக் கப்பலில் அடைக்கப்பட்டிருந்தவர், பூட்டு வேலை தெரிந்தவர். திறந்தால் அரசாங்கம் மன்னித்து விடுதலை செய்யும், சப் 100 பவுண்டு கொடுப்பார் என்று சொல்லப்பட்டது. கருவிகளும் கொடுத்தார்கள். இரண்டு மூன்று மாதம் முயன்று பார்த்துவிட்டு, தன்னால் முடியாது என்று அவர் கையை விரித்தார். கிடைக்காமல் போனது அவருடைய விடுதலை. சப் கம்பெனிக்குக் கிடைத்ததோ பல வருடங்களுக்கான விளம்பரம்.

இப்படி இங்கிலாந்தில் வங்கிக்காரர், வியாபாரி, வீட்டுக்காரர் எல்லோரும் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தபோது 1851 வந்தது. லண்டன் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகப் பொருட்காட்சி நடத்திய வருடம். அமெரிக்காவிலிருந்து ஆல்ஃப்ரெட் சார்லஸ் ஹாப்ஸ் என்பவர் வந்து இறங்கினார். நியூயார்க்கின் டே அண்ட் நியூவெல் என்ற பூட்டுக் கம்பெனியின் ஆள். தன் கம்பெனிப் பூட்டை விற்க வந்தவர், வந்ததும் ஒரு குண்டைப் போட்டார். இங்கிலாந்தில் எல்லோரும் நம்பும் பூட்டுகளைத் தன்னால் திறக்க முடியும் என்றார்.

ஜூலை 22-ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் ஒரு வீட்டின் காப்பறைக் கதவு. அதில் இருந்தது சப் பூட்டு. சாட்சிகள் சுற்றி நின்றார்கள். ஹாப்ஸ் சில சிறு கருவிகளை எடுத்தார். 25 நிமிடத்தில் கதவு திறந்தது. "சரி, மறுபடி பூட்ட முடியுமா?" என்று கேட்டார்கள். 7 நிமிடத்தில் பூட்டினார். காட்டிக்கொடுக்கும் அந்தத் தந்திரப் பொறி கடைசிவரை வாயே திறக்கவில்லை!

அவர் செய்த வித்தை இதுதான். பூட்டின் தாழை ஒரு கருவியால் லேசாக அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்போது எந்த லிவர் தாழை உண்மையில் தடுக்கிறதோ அது மட்டும் கொஞ்சம் இறுகும். இன்னொரு கருவியால் அதைத் தேடிப் பிடித்து மெல்லத் தூக்கினார். சரியான உயரம் வந்ததும் அடுத்த லிவர் இறுகும். இப்படி ஒவ்வொன்றாக. பூட்டு செய்கிறவர்கள் எண்ணிவைத்த லட்சக்கணக்கான சாவி வகைகளை அவர் முயன்று பார்க்கவே இல்லை. பூட்டே ஒவ்வொரு படியாகச் சொல்லிக்கொடுத்தது.

அடுத்தது பிராமா. ஜூலை 24-ல் ஆரம்பித்து ஆகஸ்ட் 23-ல் முடித்தார். நடுவில் அவர் வேலை செய்த நாட்கள் 16, மணிக்கணக்கில் 51. பிராமா கம்பெனிக்காரர்கள் சண்டைக்கு வந்தார்கள். ஒரு மாதம் பூட்டோடு தனியாக உட்காரவும், அதில் கருவியை நிலையாகப் பொருத்திவைக்கவும் எந்தத் திருடனுக்கு வாய்ப்புக் கிடைக்கும் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனாலும் நடுவர்கள் ஹாப்ஸ் பக்கம் தீர்ப்பு சொன்னார்கள். அறுபது வருடத்துக்கு மேல் யாருக்கும் போகாத 200 கினி கை மாறியது.

பத்திரிகைகளில் பெரிய சர்ச்சை. பூட்டு திறந்துவிட்டதே என்ற கவலை ஒரு பக்கம். இதையெல்லாம் ஊருக்குச் சொல்லலாமா, திருடனுக்குப் பாடம் நடத்துகிற மாதிரி ஆகாதா என்ற கோபம் இன்னொரு பக்கம். ஹாப்ஸ் கொடுத்த விவரங்களைக் கொண்டு 1853-ல் பூட்டுகளைப் பற்றி ஒரு புத்தகம் வந்தது, தொகுத்தவர் சார்லஸ் டாம்லின்சன். அதில் இந்தக் கோபத்துக்கு நேரடியாகவே பதில் இருக்கிறது. திருடர்கள் தங்கள் தொழிலில் கெட்டிக்காரர்கள், மற்றவர்கள் சொல்லித்தர நினைப்பதைவிட அதிகம் அவர்களுக்கு ஏற்கனவே தெரியும், பலவீனத்தை மறைப்பதால் ஏமாறுகிறவர் பூட்டை வாங்கிய நேர்மையான மனிதர்தான் என்பது அதன் சாரம்.

ஹாப்ஸ் தியாகி ஒன்றும் இல்லை. அடுத்தவர் பூட்டைத் திறந்து காட்டித் தன் பூட்டை விற்க வந்தவர். லண்டனிலேயே கம்பெனியும் ஆரம்பித்தார். அவர் கொண்டுவந்த அமெரிக்கப் பூட்டு மட்டும் தப்பித்ததா? அதையும் திறக்க முடியும் என்று சில வருடங்களில் லைனஸ் யேல் என்ற இன்னொரு அமெரிக்கர் காட்டிவிட்டார். அந்த யேல்தான் 1861-லும் 1865-லும் காப்புரிமை பெற்று, தட்டையான சின்னச் சாவியும் ஸ்பிரிங் வைத்த ஊசிகளும் கொண்ட பூட்டைக் கொண்டுவந்தார். பழைய எகிப்திய மரப்பூட்டில் இருந்த அதே யோசனைதான், பித்தளையில். இன்று உலகம் முழுக்க வீட்டுக் கதவுகளில் இருப்பது பெரும்பாலும் அதன் வாரிசுகள்.

அந்தப் பழைய கோபம் 2003-ல் மறுபடி கிளம்பியது. அமெரிக்காவில் ஏடி அண்ட் டி ஆய்வகத்தில் இருந்த மேட் பிளேஸ் என்ற கணினிப் பாதுகாப்பு ஆராய்ச்சியாளர் மாஸ்டர் சாவியை எடுத்துக்கொண்டார். ஹாஸ்டலிலும் அலுவலகத்திலும் ஒவ்வொரு அறைக்கும் ஒரு சாவி, எல்லா அறையையும் திறக்க வார்டன் கையில் ஒரு சாவி இருக்குமே, அது. ஒரே ஒரு அறையின் சாவியும், அதன் பூட்டும், வெட்டாத சில சாவிகளும் இருந்தால் போதும். ஒவ்வொரு வெட்டாக மாற்றிப் பார்த்து மாஸ்டர் சாவியையே செய்துவிடலாம் என்று விளக்கி எழுதினார். பூட்டுத் தொழிலில் இருந்தவர்கள் கொதித்தார்கள். இது பொய் என்று அவர்கள் சொல்லவில்லை. எங்களுக்கு வெகுநாளாகத் தெரிந்ததுதான், ஏன் வெளியே சொன்னாய் என்றார்கள்! அந்த அறைகளில் பூட்டை நம்பித் தூங்கியவர்களுக்கு மட்டும்தான் அதுவரை யாரும் சொல்லவில்லை.

காருக்கு வந்தால், ஆரம்பத்தில் பூட்டு என்ற பேச்சே பெரிதாக இல்லை. சாவியைத் திருகினாலே இஞ்சின் கிளம்பும் வசதியை 1949-ல் கிரைஸ்லர் கொண்டுவந்தது. சாவி துளைக்குப் பின்னால் போகும் ஒயர்களைத் தொட்டு இணைத்தால் சாவியே வேண்டாம் என்பதைத் திருடர்கள் கண்டுகொண்டார்கள். அதற்குப் பதிலாக ஸ்டியரிங் பூட்டு வந்தது. அமெரிக்காவில் 1970 முதல் சட்டமே கட்டாயமாக்கியது. 1986-ல் ஜெனரல் மோட்டார்ஸ் தன் கார்வெட் காரின் சாவியில் ஒரு சிறு மின்தடையைப் பதித்தது. தடையின் அளவு பொருந்தினால்தான் வண்டி கிளம்பும். ஆனால் மொத்தம் 15 அளவுகள்தான். பிராமாவின் 18 தகடுகளைக் கேட்டால் சிரிக்கும்.

உண்மையான மாற்றம் 1990-களில் வந்த இம்மொபிலைசர். சாவிக்குள் ஒரு சிப், காருக்குள் ஒரு கணினி. கார் கேட்கும் கேள்விக்குச் சிப் சரியான ரகசியப் பதிலைச் சொல்லாவிட்டால் இஞ்சின் கிளம்பாது, ஒயரை என்ன செய்தாலும் சரி. ஐரோப்பாவில் 1998 அக்டோபர் முதல் புதுக் கார்களுக்கும், கனடாவில் 2007 செப்டம்பர் முதலும் இது கட்டாயம். இங்கிலாந்து, வேல்ஸ் பகுதியில் 1990-களின் ஆரம்பத்தில் ஆண்டுக்கு 5 லட்சத்துக்கு மேல் வாகனங்கள் திருடுபோயின. 2013 வாக்கில் அது ஒரு லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. திருட்டை இந்த அளவுக்குக் குறைத்த கருவிகள் வரலாற்றில் அதிகம் இல்லை.

ஆனால் சிப்புக்குள் இருக்கும் கணக்கு என்ன? அதைக் கம்பெனிகள் வெளியே சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதே பாதுகாப்பு என்று நினைத்தார்கள். 2005-ல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் ஆர்எஸ்ஏ ஆய்வகமும் சேர்ந்த குழு, ஃபோர்டு கார் சாவிகளில் இருந்த டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் சிப்பை உடைத்துக் காட்டியது. அதன் ரகசிய எண் வெறும் 40 பிட். ஒரு மணி நேரத்துக்குள் கண்டுபிடித்து, காரையும் கிளப்பினார்கள்.

அதைவிடப் பெரிய கதை 2013-ல். இங்கிலாந்தின் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தையும் நெதர்லாந்தின் ராட்பவுட் பல்கலைக்கழகத்தையும் சேர்ந்த மூன்று ஆய்வாளர்கள், ஃபோக்ஸ்வாகன் குழுமத்தின் பல கார்களில் இருந்த மெகாமோஸ் என்ற சிப்பின் பலவீனத்தைக் கண்டுபிடித்தார்கள். ஆடி, போர்ஷே, பென்ட்லி எல்லாம் அதில் அடக்கம். ரகசியமாக எதையும் திருடவில்லை. 2009 முதல் இணையத்தில் கிடைத்துவந்த ஒரு மென்பொருளைப் பிரித்துப் படித்தார்கள். சிப் செய்தவர்களிடம் பல மாதம் முன்னதாகவே தகவலும் சொன்னார்கள். கட்டுரை வெளிவர இருந்த சமயத்தில் ஃபோக்ஸ்வாகன் லண்டன் உயர்நீதிமன்றத்துக்குப் போய் இடைக்காலத் தடை வாங்கியது. வெளிவந்தால் லட்சக்கணக்கான கார்கள் திருடுபோகும் என்பது வாதம். 1851-ன் அதே வாதம், இந்த முறை நீதிபதி முன்னால். ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கும் கார்களைத் திரும்ப அழைத்து லேசில் சரிசெய்ய முடியாது என்பதால் கம்பெனியின் பயத்தை முழுக்கத் தள்ளிவிடவும் முடியாது. 2015 ஆகஸ்டில் கட்டுரை வெளிவந்தது. இரண்டு வருடச் சண்டையின் முடிவில் அதிலிருந்து நீக்கப்பட்டது ஒரே ஒரு வாக்கியம்! அந்த இரண்டு வருடமும் அந்தக் கார்களை வாங்கியவர்கள் முழு விலை கொடுத்துத்தான் வாங்கினார்கள்.

அமெரிக்காவில் நடந்தது இன்னும் மோசம். அங்கே இம்மொபிலைசரைச் சட்டம் கட்டாயமாக்கவில்லை. மற்ற கம்பெனிகள் தாமாகவே வைத்தன. 2015 மாடல்களை எடுத்துக்கொண்டால் மற்றவர்களின் வண்டிகளில் 96 சதவீதத்தில் இது இருந்தது. ஹூண்டாய், கியா வண்டிகளில் 26 சதவீதத்தில்தான். அதே கம்பெனிகள் கனடாவில் விற்ற கார்களில் இருந்தது, ஏனென்றால் அங்கே சட்டம் இருந்தது. வாங்குகிறவருக்கு இந்த வித்தியாசத்தைக் கடையில் யாரும் சொல்லவில்லை. 2021-ல் மில்வாக்கி நகரத்துப் பையன்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஸ்டியரிங் கீழே பிளாஸ்டிக்கைப் பெயர்த்து, ஒரு யுஎஸ்பி கேபிளின் முனையைச் செருகித் திருகினால் வண்டி கிளம்பும். 2022-ல் அது டிக்டாக் வீடியோவாக நாடு முழுக்கப் பரவியது. திருடிய வண்டியை ஓட்டிய சிறுவர்கள் பல இடங்களில் மோதினார்கள். குறைந்தது 14 விபத்துகள், 8 மரணங்கள் என்று அமெரிக்க சாலைப் பாதுகாப்புத் துறை 2023 பிப்ரவரியில் சொன்னது. சில நகரங்களில் இந்தக் கார்களுக்குப் புதிதாக இன்சூரன்ஸ் தரவே பெரிய கம்பெனிகள் மறுத்தன. கூடுதலாகப் பாதிக்கப்பட்டவர்கள், இருப்பதிலேயே விலை குறைந்த மாடலை வாங்கிய சாதாரண ஜனங்கள்.

அதே பிப்ரவரியில் கம்பெனிகள் இலவசமாக ஒரு மென்பொருள் திருத்தத்தைக் கொடுக்க ஆரம்பித்தன. அதை ஏற்ற முடியாத பழைய வண்டிகள் நிறைய இருந்தன. அவற்றின் சொந்தக்காரர்களுக்கு ஸ்டியரிங்கில் குறுக்கே மாட்டும் இரும்புத் தடியைப் போலீஸ் நிலையங்கள் வழியாக இலவசமாக விநியோகித்தார்கள். மென்பொருள் ஏற்றிக்கொண்டவர்களுக்கு, இந்தக் காரில் திருட்டுத் தடுப்பு இருக்கிறது என்று சொல்லும் ஒரு ஸ்டிக்கரும் கிடைத்தது, கண்ணாடி ஜன்னலில் ஒட்டிக்கொள்ள.